பாறை இடுக்குக்குப் போன குடம்

இந்தக் கண்டியில் ஞாயிற்றுக்கிழமையானால் தண்ணீரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். குளிக்க அல்ல, மொண்டுவர அல்ல; சும்மா பார்க்க. நம் கமுதிப் பக்கத்தில் இதைச் சொன்னால் வேப்பிலையோடு ஆள் கூட்டிவந்து மந்திரிப்பார்கள். இங்கே புடவைக்கடையில் வேலைக்கு வந்து சில வருஷங்களான பிறகுதான் நானே அந்தப் பைத்தியத்துக்குப் பழகினேன்.

என் மனைவி ராக்கம்மாள் பழகவில்லை. தனுஷ்கோடியில் கப்பலேறி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், சனிக்கிழமை ஊர் திரும்பும் தன் மாமன் குடும்பத்தோடு தானும் போவதாக மூட்டை கட்டிவிட்டாள். காரணம் கேட்டால் மழை என்பாள், துணி காயவில்லை என்பாள். இந்த நாட்டின் அழகைக் காட்டிவிட்டால் மனம் மாறுவாள் என்று நம்பினேன். பக்கத்துக் கடைக்காரர் காசிம் நானா, கண்டிக்கு அடுத்த அக்குறணைக்காரர்; இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வத்தேகமைக்கு அப்பால் ஒரு பாறை இடுக்கு இருப்பதைச் சொல்லி, தானே கூட்டிப்போக முன்வந்தார்.

ஸ்டேஷனுக்கு அவர் குடையோடு வந்தார். ராக்கம்மாள் இடுப்பில் பித்தளைக் குடத்தோடு வந்தாள்.

“தண்ணி பாக்கப் போறத்துக்குக் கொடம் என்னத்துக்கு தங்கச்சி?” என்றார் நானா.

“தண்ணி இருக்கிற எடத்துக்கு வெறுங்கையோட யாராச்சும் போவாகளா?”

நானா என்னைப் பார்த்தார். நான் ரயிலைப் பார்த்தேன்.

வத்தேகமையில் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவே ஒற்றையடிப் பாதை, பாறைக்குப் பாறை தாவி இறங்கும் சின்னச் சின்ன அருவிகள். என் பாட்டன் சொத்தைக் காட்டுகிறவன்போலக் கையை நீட்டி நின்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இம்புட்டுத் தண்ணியும் எந்தக் கம்மாய்க்குப் போகுது?”

“கம்மாய்க்கு இல்ல. ஆத்துல சேந்து கடலுக்குப் போகுது.”

“அடப் பாவிகளா! மறிக்க ஒரு ஆம்பளை இல்லையா?”

என் நம்பிக்கையும் அந்தத் தண்ணீரோடு கடலுக்குப் போயிற்று.

ஆனால் கீழே துறையில் சில சிங்களப் பெண்கள் மண்குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இவள் குடத்தைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்கள். இவளும் உட்கார்ந்தாள். இவள் தமிழில், அவர்கள் சிங்களத்தில், பேச்சு தடையில்லாமல் ஓடியது. மாமியார்களைப் பற்றித்தான் இருக்கவேண்டும், சிரிப்பு அப்படி. நானும் நானாவும் பாறைமேல் உட்கார்ந்து, கொண்டுவந்த பணியாரம் முழுவதையும் தின்று தீர்த்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஊருணிக்குப் போவது அரைமணி, பேசித் திரும்புவது அரைநாள். இங்கே நான் பெருமையாகப் பிடித்த வீட்டில் வாசலிலேயே குழாய். பாவம், அவளுக்குப் போக ஓரிடம் இல்லை.

கிளம்பும்போது அவர்களில் மூத்தவள், “கெதர கொஹேத?” என்றாள்.

“வீடு எங்கேன்னு கேக்குறா” என்றேன்.

ராக்கம்மாள் கையைத் தூக்கினாள். அது முதலில் வடக்கே, பாறைகளுக்கு மேலே போயிற்று. அங்கே சற்று நின்றது. பிறகு மெல்ல இறங்கி, கண்டிப் பக்கம் திரும்பியது.

கை இரண்டு திசைக்கும் போனதைக் கண்ட அந்த அம்மாள், நாங்கள் வழி தவறியவர்கள் என்று முடிவுசெய்து, ஸ்டேஷன் வரை கூடவே வந்து விட்டுப்போனாள்.

ரயிலில் ராக்கம்மாள் கேட்டாள்: “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவமாங்க?”

சனிக்கிழமைக் கப்பலை நான் நினைவூட்டவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நிறைகுடத்தை மடியில் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.