மேல் வீட்டுப் பூஞ்சணம்

மரம் பார்க்க வந்த ஆபீசர், மேல் வீட்டு ஆணியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்து உதறினார். பச்சைத் தூள் பறந்தது. தும்மிக்கொண்டே வெளியே போனவர், "கீழ் வீட்டிலேயே தங்கிக்கிறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

அது யுத்த காலம். வத்தல்மலையில் மரம் வெட்டும் கண்டிராக்ட் எடுத்திருந்த சேலத்து முதலாளியிடம் நான் வாட்சர். மரம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக, உருட்டுக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி இரண்டு வீடுகள் கட்டியிருந்தார். மேல் வீடு என் பொறுப்பு. கீழ் வீடு நஞ்சப்பாவின் பொறுப்பு. அவர் பாலக்கோட்டுப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

"ஒரே மரம், ஒரே மழ. அவன் வூடு மட்டும் எப்படிப்பா வாசமா இருக்குது? அடுத்த மழைக்கும் இப்படி இருந்தா வேற ஆள வெச்சுக்குவேன்" என்றார் முதலாளி.

வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, நஞ்சப்பாவோடு ஒப்பிட்டதுதான் எனக்கு வலித்தது.

வார்னிஷ்

நான் சும்மா இருக்கவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரைத் தேய்த்தேன். மழைச் சாரல் வராமல் ஜன்னலைச் சாத்தினேன். சுவர்மேல் வார்னிஷ் அடித்தேன். பளபளவென்று இருந்தது. கொஞ்ச நாளில் வார்னிஷ் கொப்பளித்து, அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

கீழ் வீட்டு வாசலில் விருந்தாளிகள் நஞ்சப்பாவோடு பேசிச் சிரிப்பது மேலே கேட்கும். எனக்கு வயிறு எரியும். அவர் வீடு காற்றோட்டமான இடத்தில் இருக்கிறது, அதில் அவர் சாமர்த்தியம் ஒன்றுமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் முதலாளியிடமே சொன்னேன்.

"ஒரு மழைக்கு எங்க ரெண்டு பேரையும் மாத்தி வுட்டுப் பாருங்க. அப்பத் தெரியும் சங்கதி."

மாற்றிவிட்டார். நஞ்சப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

மாற்றம்

கீழ் வீட்டில் எனக்கு வேலையே இல்லை. மழை தொடங்கியதும் மேல் வீட்டில் பூஞ்சணம் வந்தது. ஏறிப் போய் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த மலையில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

அது நிலைக்கவில்லை. சுவரை ஒட்டிக் குவிந்து கிடந்த மண்ணை நஞ்சப்பா வெட்டி அகற்றினார். கூரைமேல் கவிந்திருந்த கிளைகளைக் கழித்தார். என் வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். சலவை சோடா கரைத்த நீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, கட்டை கட்டையாகத் துடைத்தார். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தார். வெயில் தலைகாட்டினால் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும். கட்டில், பெட்டி எதுவும் சுவரைத் தொடாது. மழை விட்டுக் கட்டைகள் நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய் பூசினார்.

அதன்பின் வந்தவர்களெல்லாம் மேல் வீட்டையே கேட்டார்கள். அங்கிருந்து மலைச்சரிவு முழுவதும் தெரியும். முதலாளி அவரை "மேஸ்திரி" என்று கூப்பிடத் தொடங்கினார். இடம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

கடைசியில் நானே போய்க் கேட்டேன். "எப்படிண்ணா செஞ்சீங்க?"

"ஏனப்பா மாது, பூஞ்சணம் வந்தப்ப வாசல்ல நின்னு சிரிச்சியே, அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?" என்றார். அவர் என் கையைப் பிடித்து, மண்ணை அகற்றிய இடத்தில் அடிக்கட்டைக்குக் கீழே வைத்தார். சில்லென்று காற்று போய்க்கொண்டிருந்தது.

"நீ பூஞ்சணத்தத் தொடச்ச. நான் ஈரம் எங்கிருந்து வருதுன்னு தேடுனேன். அவ்வளவுதான்."

மர வீட்டில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஈரம் வரும் வழியை அடைக்காமல் சுவரைத் தேய்ப்பது வீண். ஈரக் கட்டைமேல் எதையும் பூசக்கூடாது.

பின்னால் சித்தேரியில் முதலாளி கட்டிய மர வீட்டை நான் ஒருவனாகவே பார்த்துக்கொண்டேன். மழைக்காலம் முழுவதும் ஒரு புள்ளி விழவில்லை. முதலாளி உள்ளே வந்து சுவரைத் தடவினார், முகர்ந்து பார்த்தார்.

"பரவால்லியே மாது. நஞ்சப்பா வெச்சிருந்த மாதிரியே வெச்சிருக்கிற" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.