வெறுங்கைக்காரரும் கிளவுஸ்காரரும்

வெறுங்கையால் குத்திய அந்தக் காலத்து சாம்பியனும், கிளவுஸ் போட்ட இந்தக் காலத்து சாம்பியனும் மோதினால் யார் ஜெயிப்பார்? சித்தூரில் நண்பனிடம் பழையவருக்காக வாதாடி, அவர் குத்தை நடித்துக் காட்டினேன். எதிரில் சுவர் இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் புத்தூரில், எலும்பு கட்டுகிறவர் முன் உட்கார்ந்தேன். காதில் செருகிய பீடி, தொட்டதற்கெல்லாம் சிரிப்பு. கதையைக் கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைத் தடவினார்.

"வெறுங்கையால மண்டையில குத்துனா கை போய்டும் நைனா. ரெண்டாவது ரவுண்டுல உன் ஆளு இங்க வந்து குந்திக்கினு இருப்பாரு. புது ஆளுதான் ஜெயிப்பாரு."

"அதெப்படி? மொத ரவுண்டுலயே அவரு..."

'டக்'கென்று ஒரு சத்தம். அலறி முடிப்பதற்குள் எலும்பு சேர்ந்துவிட்டது. முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

"நெஜமா யாரு ஜெயிப்பாங்க?" என்றேன் விடாமல்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் குத்துச்சண்டையே பாத்ததில்ல."

இருவரும் சிரித்தோம். அடுத்து, கணுக்கால் பிசகிய விவசாயி ஒருவர் வந்து உட்கார்ந்தார். எல்லைத் தகராறு சூடாக இருந்த நாட்கள் அவை. எலும்பு கட்டுகிறவர் அவர் பாதத்தைப் பிடித்தபடி சாதுவாகக் கேட்டார்:

"புத்தூரு ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா? நீங்க இன்னா சொல்றீங்க?"

அடுத்த அலறல் வருமுன், கட்டுப் போட்ட கையோடு என்னால் ஒரு காதைத்தான் பொத்திக்கொள்ள முடிந்தது.