கார்ட்லெஸ் வந்த வருஷம்

வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வாங்கலாமா, அது நல்லதா கெட்டதா என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள். எங்கள் வீட்டில் அது இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கு, ஆனால் வாங்கியதை யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த அலுப்பு இன்னும் காலில் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில், செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் குடியிருந்தோம். நான், என் மாமியார், ஒன்றாம் வகுப்பு படித்த என் மகள். என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததை லீவு லீவாகத்தான் சொல்ல முடியும். முதல் காண்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். நடுவில் மாமனார் இறந்தார், நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது, ரெண்டாவது காண்ட்ராக்டும் போட்டாயிற்று. அது வருகிற கிறிஸ்துமஸோடு முடியவேண்டும். முடிந்ததும் வந்துவிடுவாரா, மறுபடியும் கையெழுத்துப் போடுவாரா? அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு யோசனையே இல்லை. கடிதத்தில் கேட்டுப் பார்த்தேன். பதிலில் அதைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

போனில் கேட்கலாம் என்றால் அதற்கு இடமில்லை. எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த போன் அது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பூப்போட்ட துணி, அதன்மேல் போன். தெருவில் அது ஒன்றுதான் என்பதால் அதை எங்கள் போன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கும். தெருவில் பாதிப் பேர் எங்கள் நம்பரைத்தான் 'பி.பி.' என்று போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்திருந்தார்கள். யாருக்கு வந்தாலும் நாங்கள் எடுத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அதனால் வெள்ளி சாயங்காலம் எங்கள் ஹாலில் கூட்டம். அத்தை நாற்காலியில் இருப்பார். ரெண்டு வீடு தள்ளியிருந்த பாய் வீட்டம்மா தரையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய மூத்த மகன் சவூதியிலிருந்து எங்கள் நம்பருக்குத்தான் பேசுவான். இவர்கள் நடுவில் நின்றுகொண்டு புருஷனிடம் என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது, இங்கே மழையே இல்லை. அவ்வளவுதான். எப்போது வருகிறீர்கள் என்று வாயைத் திறந்தால், மகனுடைய சம்பாத்தியத்தைக் கெடுக்கப் பார்க்கிறாளே என்று அத்தை நினைப்பாரோ என்று பயம். அத்தை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மாமியார் சொல்லித்தான் மருமகள் பயப்படவேண்டும் என்று இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் கார்ட்லெஸ் வந்தது. லீவில் வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர், ஒரு போர்வையோடும் பால் பவுடர் டப்பாவோடும் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோட்டத்தில் நின்று போன் பேசியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் நான் மொட்டை மாடியில் நின்று நிம்மதியாகப் பேசலாம் என்று அவர் சொல்லச் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது. என் சங்கடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் கேட்க நினைப்பதைக் கேட்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அதன் பிளக்குக்கு மூன்று பட்டைக் கால். நம் ஊர் ஓட்டையில் ஏறவில்லை. கடையில் அதற்கென்று ஒரு பின் வாங்கி மாட்டினோம். லைன்மேன் வந்து பழைய போனையும் புதியதையும் ஒரே லைனில் சேர்த்துக் கொடுத்தார். கரண்ட் போனால் இது செத்துவிடும், பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். அத்தைக்கு மூட்டு வலி. ஒவ்வொரு மணிக்கும் கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை வரவேண்டியிருந்தது நின்றது. நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே பேசினேன், துணி காயப்போட்டுக்கொண்டே பேசினேன். என் அம்மாவிடம் சமையற்கட்டில் நின்று மனசுவிட்டு ஒருநாள் பேசினேன், அதற்காகவே அதைக் கும்பிடலாம்.

ஆனால் அத்தைக்குத் தாராள மனசு. வெயிலில் நீங்கள் எதற்கு வருகிறீர்கள், டீச்சர் கொண்டுவந்து தருவாள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து தோள் பையை இறக்கி வைத்திருக்க மாட்டேன், தலையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருக்கும், யாருக்காவது போன் வந்திருக்கும். ஏரியலை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்குவேன். தெருக்குழாய் வரைக்கும் நன்றாகக் கேட்கும், அதைத் தாண்டினால் கரகரவென்று இரையும். கொடுத்துவிட்டு வரவும் முடியாது. அவர்கள் வரன் பேசுவார்கள், வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். நான் காதில் விழாத மாதிரி அடுத்த வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

அது மட்டுமா? வைத்த இடத்தில் இருக்காது. மணி அடிக்கும், போனைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடுவோம். ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடைத்தது, ஒருநாள் மகளுடைய புத்தகப் பையில். பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டிலும் இதே மாதிரி போன் இருந்திருக்கவேண்டும். சில நாள் நாங்கள் எடுத்தால் அந்த வீட்டுப் பேச்சு கேட்கும். அரியக்குடியில் பெண் பார்த்துவிட்டு வந்த கதையை நானும் அத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டோம். அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கிறது என்றால் நாம் பேசுவது அங்கே கேட்காதா? மாடி ஏறினாலும் ரகசியம் இல்லை என்று ஆனது.

மாடி ஏறுவதற்குத்தான் எங்கே விட்டார்கள். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் அத்தை போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுவார். மூட்டு வலியெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. திரும்பி வந்து என் கையில் கொடுக்கும்போது அங்கே என் வீட்டுக்காரருக்கு நேரமாகியிருக்கும். மகள் பிடுங்கிக்கொண்டு ரெண்டு வார்த்தை பேசுவாள். எனக்கு மிச்சம், அப்புறம் பேசுகிறேன் என்ற ஒன்றுதான். வாரா வாரம் இப்படியே போனது. மகன் என்றால் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளவேண்டுமா, கட்டியவளுக்கு ரெண்டு நிமிஷம் கிடையாதா என்று மனசுக்குள் திட்டினேன். வாய்விட்டுத் திட்டத் தெம்பில்லை. பள்ளிக்கூடம், சமையல், மகளுடைய வீட்டுப்பாடம், தெருவுக்குப் போன் சுமப்பது எல்லாம் போக சண்டை போட எனக்கு என்ன மிச்சம் இருந்தது?

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும், அத்தை எழுந்திருக்குமுன், மாடிப்படி ஏறிவிட்டேன். பாய் வீட்டம்மா தன் மகன் பேசுவதற்காகக் கீழே காத்திருந்தார். மாடியில் யாரும் இல்லை. நலம் விசாரிக்கவில்லை, நேரே கேட்டேன். காண்ட்ராக்ட் முடிகிறதே, வந்துவிடுவீர்கள்தானே?

அவர் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டேன். நீ வருத்தப்படுவேன்னுதான் முன்னாடியே போன் அனுப்பி வச்சேன். இப்ப பக்கத்துல இருக்க மாதிரிதான?"

போன் நான் கேள்வி கேட்பதற்காக வந்தது என்று நினைத்திருந்தேன். அது பதிலாகவே வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

பேச வாயெடுத்தபோது போன் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் முழுக்கத் தெருவைச் சுற்றிவிட்டு வந்த போன், பேட்டரி தீர்ந்துவிட்டது. வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே படியில் ஓடி இறங்கினேன். ஹாலுக்கு வந்து பழைய போனை எடுத்துக் காதில் வைத்த அதே நேரம் கையிலிருந்தது அணைந்தது. லைன் இருந்தது. நாற்காலியில் அத்தை, தரையில் பாய் வீட்டம்மா, பக்கத்தில் மகள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஆகிவிட்டது.

"பக்கத்துல இருக்க மாதிரின்னா என்னங்க?" என்றேன். "புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இந்தப் போனா ஆட்டோ பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகும்? எனக்கு முடியலைங்க. நான் ஓஞ்சு போயிட்டேன். எனக்குப் போன் வேணாம், நீங்க வாங்க."

அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"எல்லாரும்தான் இருக்காக" என்றேன்.

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். பாய் வீட்டம்மா எழுந்து, என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, மகன் பேசினால் நாளைக்குப் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை திட்டப்போகிறார், நாலு பேருக்கு முன்னால் மகனை இப்படிப் பேசலாமா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால்கூட நல்லது என்று இருந்தது.

"எனக்குத் தெரியும் ஆத்தா" என்றார் அத்தை. "கையெழுத்துப் போடப் போறேன், நீயே அவகிட்டச் சொல்லிருன்னு அப்பவே சொன்னான். நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? போடாதடா, அந்தப் புள்ள பாவம்டான்னு வாரா வாரம் அவன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒனக்குக் கேட்டுறக் கூடாதேன்னுதான் கெணத்தடிக்குப் போனது."

அத்தனை வாரம் அந்த முதுகைப் பார்த்து நான் பட்ட எரிச்சலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அதற்கும் சோர்வாக இருந்தது. அத்தை எழுந்து போய் மகளுக்குச் சோறு போட்டார். அன்றைக்கு நான் சமைக்கவோ பாத்திரம் கழுவவோ இல்லை, அவர்தான் செய்தார்.

அடுத்த வாரம் முழுக்கக் கார்ட்லெஸை நான் சார்ஜில் வைக்கவில்லை. தெருவுக்கு வந்த அழைப்புகளுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டோம். அவர்களும் முன்னைப்போல வந்து ஹாலில் நின்று பேசிவிட்டுப் போனார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. அத்தையும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. மகள் எடுக்க ஓடினாள். அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தானே போய் எடுத்தார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா" என்றார். அவர் ஏதோ சொல்லியிருக்கவேண்டும், அத்தை கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "இனி எதுன்னாலும் வந்து பேசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் எதிரே வந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தை இழுத்துத் தானும் ஒரு கட்டுக் கீரையைப் பிரித்தார். அவர் வருவாரா அத்தை என்று கேட்டேன்.

"வரமாட்டான்" என்றார். "ஆனாலும் சொல்லணும்ல."