வேப்பிலை இல்லாத வாசல்

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு உடம்பில் ஏதாவது தடித்தால் முதலில் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அம்மையா, வேர்க்குருவா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

போன கோடையில் எதிர்வீட்டுக்காரி தன் நாலு வயது மகளோடு வந்தாள். பிள்ளைக்குக் காதோரம் பொரிந்திருந்தது. "வேர்க்குருதான்டி, நுங்கத் தேய்ச்சு விடு" என்றேன். கண் சிவந்திருந்ததையும் பார்த்தேன். அழுத கண் என்று விட்டுவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. மூன்று வாசல்களில் வேப்பிலை ஏறியது. மணல்வாரி அம்மை. ஊசி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடி வந்த நர்ஸம்மா, வேப்பிலையைப் பார்த்தே வீடுகளைக் குறித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மூணு பிள்ளையும் எதிர்வீட்டுப் பாப்பாகூட வெளையாடுனதுங்க. அந்த வாசல்ல மட்டும் ஏன் அப்பத்தா எலை இல்ல?"

நான் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தேன். நர்ஸம்மா விடவில்லை.

"அங்க எட்டு மாசக் கைப்பிள்ளை இருக்கு. இன்னும் ஊசி போடுற வயசு வரல. காய்ச்சல் வந்தா ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

சொல்லியிருக்க வேண்டும். போனால் வேர்க்குரு பேச்சு வருமே என்று இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். எதிர்வீட்டுக் கைப்பிள்ளையின் இருமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை அழும் சத்தம் நின்றது. இருமல் மட்டும் கேட்டது. எப்படித் தெருவைத் தாண்டினேனோ தெரியாது.

அங்கே இப்போது வேப்பிலை கட்டியிருந்தது. மடியில் கிடந்த பிள்ளைக்கு மூச்சிழுக்க விலா உள்ளே போய் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குடி."

"ஆத்தா வந்துருக்கா அப்பத்தா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசலத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். கெளம்பு."

வாசலில் இருந்த கொத்தை உருவி அவள் மடியில் வைத்தேன். "ஆத்தாளும் கூட வருவா. ஆட்டோவக் கூப்பிடு."

போகிற வழியெல்லாம் அந்த விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், திரும்பி மேலே வருமா என்று இருந்தது.

எட்டாம் நாள் பிள்ளை பிழைத்து வீடு வந்தது. "நீங்க இல்லாட்டி எம்பிள்ளை இல்ல" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேர்க்குரு என்று நான் சொன்னதைப் பற்றி அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்திருக்க மாட்டாள். எதிரே அவள் கதவு திறக்கும்போதெல்லாம் நான் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.