எங்கள் வீட்டு கேட்டில் கட்டிய வேப்பிலை

மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று சொன்ன அன்றுகூட நான் அழவில்லை. மலேசியாவில், மாசாயில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமைப்பவள் நான். பிள்ளைகளின் கூச்சலிலேயே காலம் தள்ளியவள், எதற்கும் லேசில் அசர மாட்டேன். இரண்டாவது கீமோ முடிந்த அடுத்த வாரம்தான் ஆடிப்போனேன்.

சாதாரணக் குளிர்காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். ஜொகூர் பாருவில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னால் நிற்க முடியவில்லை. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது.

"ஆன்ட்டி, உங்க உடம்புல வெள்ளை அணு இல்லாத மாதிரிதான். கிருமி வந்தா சண்டை போட ஆளே இல்ல. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா எங்களாலயும் ஒன்னும் செஞ்சிருக்க முடியாது."

"நல்லாத்தானே ரசம் வச்சிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டேன். அவ்வளவு அதிர்ச்சி.

பிழைத்து வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, வெள்ளை அணு கூடுவதற்கு ஊசி போட்டார்கள். அப்படியும் மறுபடி குறைந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நன்றாக வெந்த சாப்பாடுதான். வீட்டுக்குள் பூ, பச்சை இலை எதுவும் கூடாது. முக்கியமாக, பார்க்க ஆட்கள் வரவே கூடாது.

நம் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! உடம்பு முடியவில்லை என்றால் பிஸ்கட் டின்னோடு குடும்பமே வேன் ஏறிவிடும். கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரு பாட்டம் அழுதால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். கூலாயில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்து, சனிக்கிழமை எல்லாரும் வருவதாகச் சொன்னார்.

"இப்ப வேணாம் அண்ணி. டாக்டர் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"நாங்க என்ன வேத்தாளுங்களா சாந்தி? பாப்பா உன்னையவே கேட்டுக்கிட்டு இருக்கா லா. அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம்."

பாப்பா அவருடைய பேத்தி. நான்கு வயது. என்னைக் கண்டால் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வீட்டுக்காரரைப் பேசச் சொன்னேன். அக்கா என்றால் அவருக்கு வாயே வராது. "எப்படிமா வராதீங்கன்னு சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்று மாரியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். நோய் வந்த பிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. "தாயே, சொந்தத்தைப் பகைச்சுக்க முடியல. சாகவும் பயமா இருக்கு. என் வாசல்ல நீயே வந்து நில்லு" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போன வீட்டுக்காரர் ஒரு பெரிய கொத்து வேப்பிலையோடு வந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"உள்ள கொண்டு வராதீங்க! பச்சை இலை கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"அலமாக், மறந்துட்டேன். பிரசாதம்மா, தூக்கிப் போடவா முடியும்?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கு வெளியே விழித்துக்கொண்டு நின்றார். பிறகு மஞ்சள் கயிற்றால் கேட்டிலேயே கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை வேன் வந்து நின்றது. திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். அண்ணி மட்டும் இறங்கி கேட்டருகே வந்தார். சட்டென்று நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு அடி பின்னால் போய், வேனில் ஏறினார். கூப்பிடக்கூட இல்லை. வேன் போய்விட்டது.

வர வேண்டாம் என்று கெஞ்சியவள் நான்தான். ஆனாலும் ஒரு வார்த்தை பேசாமல் போனது அப்படி வலித்தது. கோபித்துக்கொண்டார், இனி உறவே அறுந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவரே போன் செய்தார்.

"சாந்தி, இங்க பாப்பாவுக்கும் அம்மை போட்டிருச்சு. மேலெல்லாம் முத்து. உங்க வீட்டுல யாருக்கு? உனக்கா, தம்பிக்கா?"

"எங்க வீட்டுல யாருக்கும் அம்மை இல்லையே அண்ணி."

"அப்ப அந்த வேப்பிலை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டில் வேப்பிலை கட்டியிருந்தால் வீட்டில் அம்மை, உள்ளே போகக் கூடாது. நம்மில் யாருக்கு இது தெரியாது? டாக்டர் பேச்சைக் கேட்காத அண்ணி, அந்தக் கொத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். அம்மையை உடம்பில் வைத்துக்கொண்டு பாப்பா வேனுக்குள் இருந்திருக்கிறாள்.

உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தோம். "பிள்ளை உள்ள வந்துச்சா? உங்களைத் தொட்டுச்சா?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். வேனைவிட்டே இறங்கவில்லை என்றதும் பெருமூச்சு விட்டார். வெள்ளை அணு இவ்வளவு குறைந்திருக்கும் நிலையில் அந்த அம்மை எனக்கு ஒட்டியிருந்தால் நுரையீரல் வரை போயிருக்கும், உயிருக்கே ஆபத்து என்றார். "நல்ல வேளை ஆன்ட்டி" என்றார். நல்ல வேளையா அது? நான் சாமி அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

கீமோ முழுவதும் முடிந்துவிட்டது. வெள்ளை அணு கூடியது ஊசியால்தான், அதை மறுக்க மாட்டேன். பாப்பாவும் குணமாகிவிட்டாள். அண்ணி இப்போது எங்கே நோயாளியைப் பார்க்கப் போனாலும், உள்ளே வரலாமா என்று முதலில் போனில் கேட்கிறார். நானும் மாறிவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில், கீமோ எடுப்பவர்களின் வீட்டாரைத் தேடிப் போய்ப் பேசுகிறேன். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள், உடனே ஓடுங்கள் என்று சொல்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டு பயத்தில் இருப்பவர்களே, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். தாயிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரிய வேண்டியதில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் கேட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.