கப்பலில் வந்த பால்மாவும் எங்கள் ஆத்தாவும்

என் மகள் பிழைக்க மாட்டாள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் ஒருவர்கூட, என்ன பேர் வைக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மாரியாத்தாளை நம்புகிற அக்கா தங்கச்சிமாரே, ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழி மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடெல்லாம் வெள்ளம். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மலை சரிந்து, கீழே வரிசை வீடுகளாக இருந்த பணிய லயத்தில் பாதியையும் மாட்டுப் பட்டியையும் மூடிவிட்டது. ஆட்கள் எழுந்து ஓடித் தப்பினோம். மாடுகள் கட்டிப் போட்டபடியே மண்ணுக்குள் போய்விட்டன. வீடு போன குடும்பங்களை, மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோருக்குள் கொண்டுபோய்த் தள்ளினார்கள். அங்கே சாக்குப் படுதாவுக்குப் பின்னால்தான் என் மகள் பிறந்தாள்.

பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியபோது பாலும் வற்றிவிட்டது. பக்கத்துப் படுதாக்காரி பொன்னம்மா தன் பிள்ளை குடித்தது போக ஒரு வேளை கொடுப்பாள். மற்ற வேளைக்குக் கஞ்சித் தண்ணீர். அதுவும் இல்லாவிட்டால் சீனி போட்ட வெறும் தேயிலைச் சாயத் தண்ணி. பிள்ளை அழுவதையே விட்டுவிட்டாள். அழுகிற பிள்ளையை விட அழாத பிள்ளைதான் பயம். பெற்றவர்களுக்குத் தெரியும்.

தை மாதத்தில் ஒரு லாரி வந்தது. கொழும்பிலிருந்து தொண்டு செய்கிற இளவட்டங்கள் வந்திருந்தார்கள். கடல் தாண்டிய ஏதோ ஒரு நாட்டில் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, மூட்டை கட்டி, கப்பலில் அனுப்பிய சாமான் என்று சொன்னார்கள். கம்பளி, உடுப்பு, பெரிய பெரிய அட்டைப் பீப்பாய்களில் பால்மா. கூட வந்த சிங்கள நோனா தனக்குத் தெரிந்த தமிழில் எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பால்மா சின்னப் புள்ளக்கி மட்டும். பெரிய ஆள் குடிக்க ஏலாது."

அவள் கண் நேராக என் மடிக்கு வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவு லாரி திரும்புகிற வரைக்கும்தான்.

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? துரை கொடுத்தாலும் தெய்வம் கொடுத்தாலும் எதுவும் பெரிய கங்காணி கை வழியாகத்தான் வர வேண்டும். லாரியில் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் என்ன தெரியும்? இவர்தான் ஊர்ப் பெரியவர் என்று எல்லாவற்றையும் அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல கம்பளியெல்லாம் அவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. வீடு இழந்த எங்களுக்குக் கிழிசலும், மலையில் எதற்கும் உதவாத உயர்ந்த குதி வைத்த செருப்பும். ஒரு நீளக் கோட்டை அவரே மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்தார். அது பொம்பளைக் கோட்டு. இடுப்பில் சுருக்கம் வைத்துத் தைத்திருந்தது. ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, என் பிள்ளைக்குப் பால்மா வேண்டுமே.

பால்மாப் பீப்பாய்கள் அவர் வீட்டில் இருந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

"அய்யா, ஒரு கிண்ணம் குடுங்க. புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

"மாசி மாசம் திருவிழா வருது செல்லம்மா. தோட்டத்துல ஒரு மாடு கெடையாது. பால்குடத்துக்கு எங்க போறது? ஆத்தாளே பாத்துத்தான் இத அனுப்பியிருக்கா."

"புள்ளைங்களுக்குன்னுதானே அந்த நோனா சொல்லிச்சு."

"போன வருசம் திருவிழாவ ஒழுங்காச் செய்யல. ஆத்தா கோவிச்சா, மல சரிஞ்சிச்சு. ஒம் புள்ள ஒண்ணுக்காக இன்னொரு மல சரியணுமா?"

பின்னால் நின்ற ஆட்கள் தலையாட்டினார்கள். அதுதான் என்னை எரித்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே நம்பினார், அவர்களும் நம்பினார்கள். என் வீட்டுக்காரர்கூட அன்று மாலை, "பெரிய எடத்துல மோதாத புள்ள, சாமி காரியம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரோடு நான் பேச்சை நிறுத்தினேன். கங்காணி வீட்டம்மாவையும் வெறுத்தேன். நான் வாசலில் நின்று கெஞ்சியபோது, அந்த அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் முன்னால் அவள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. ஊமைக் கோட்டான் என்று மனசுக்குள் திட்டினேன்.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். சூடம் இல்லை, பூ இல்லை. பிள்ளையைப் படியில் கிடத்தினேன். எல்லோரும் அழுது வேண்டுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, நெஞ்சு எரிந்தது.

"தாயேன்னு கூப்புடுறோம், நீ தாய்தானா? ஒனக்கு அந்தப் பாலு வேணும்னா இப்பவே இவள எடுத்துக்க. வேணாம்னா நீயே வாயத் தொறந்து சொல்லு. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான்."

இதுதான் நான் செய்த பிரார்த்தனை. இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா என்று கேட்பீர்கள். நான் வேண்டினேன். அன்றிலிருந்து திருவிழா வரைக்கும் பொன்னம்மா புண்ணியத்தில் பிள்ளைக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

பால்குட நாள் வந்தது. கங்காணி வீட்டு முற்றத்தில் பால்மாவை அண்டாவில் கரைத்துக் குடங்களில் நிரப்பினார்கள். வழக்கப்படி முதல் குடம் கங்காணி வீட்டம்மா தலையில். தப்பு மேளம் அதிர, ஊர்வலம் ஏறி வந்தது. நான் கோயில் ஓரத்தில் பிள்ளையோடு நின்றேன். கும்பிடுவதற்கு இல்லை. அந்தப் பால் வழிந்து ஓடுவதைப் பார்த்து ஆத்தாளைத் திட்டுவதற்கு நின்றேன்.

வாசலில் பூசாரி குடத்தை வாங்கக் கை நீட்டினார். கங்காணி வீட்டம்மா கொடுக்கவில்லை. உடம்பு ஆட ஆரம்பித்தது. முடி அவிழ்ந்தது. தப்புக்காரர்கள் அடியை வேகமாக்கினார்கள். யாருக்கும் அருள் வரலாம், ஆனால் அந்த அம்மாவுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அருள் வந்தவர் கேட்டால் எவ்வளவு பெரிய தலையானாலும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டும். இதுவும் எங்கள் வழக்கம்தானே. கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆத்தா, என்ன கொற வச்சோம்? சொல்லு."

"எனக்குப் பசிக்கலடா."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மலையில் பட்டுத் திரும்பியது.

"எம் புள்ள வாசல்ல வந்து நின்னுச்சு. நீ வெரட்டுன. எனக்குப் பச்சத் தண்ணி ஊத்து, போதும்."

"அபிசேகம் முடிஞ்சதும் குடுத்துடுறோம் ஆத்தா."

"மொதல்ல புள்ளைக்கு."

கங்காணி முகம் செத்துப்போனது. மறுக்க முடியுமா? மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரைக் கொண்டுவந்து, வேப்பிலை போட்டு அம்மனுக்கு ஊற்றினார்கள். பூசாரியே முதல் குடத்திலிருந்து பாலாடையில் மொண்டு என் மகள் வாயில் விட்டார். முதல் மிடறு கடைவாயில் வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. பிறகு அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கும் அழுகை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அன்று கோயில் வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். மிச்சப் பீப்பாய்களைத் தப்புக்காரர்களே தூக்கி, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் இறக்கினார்கள்.

அது நடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. நானே ஒரு நாள் பீலியில் வைத்து அந்த அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல செல்லம்மா" என்றாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "புள்ள இப்ப நல்லாக் குடிக்குதா?" என்று கேட்டாள்.

நடிப்பாகவே இருக்கட்டும். ஆயுசுக்கும் புருஷனைக் கண்டு நடுங்கியவளை ஊர் நடுவில் நிறுத்தி, அவனையே அதட்ட வைத்தது யார்? பதில் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

என் மகளுக்கு மாரியம்மாள் என்று பேர் வைத்தோம். இன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசி அடி வாங்குகிறாள். நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பால் கரைக்கும்போது, பேரும் முகமும் தெரியாத அந்தக் கடல் தாண்டிய பெண்களை நினைத்து, ஆத்தா அவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியைப் போடுவேன்.

போன வருஷம் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயம் எரிந்தது. நாங்கள் பெண்கள் அரிசியும் பால்மாவும் துணியும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் பெரிய கங்காணி வந்து, "எல்லாத்தையும் நம்ம வீட்டுல எறக்குங்க" என்றார்.

"அய்யா, நீங்க ஓரமா நில்லுங்க. புள்ளைங்கள வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். பிள்ளைகள் வந்தார்கள்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு எரிந்துகொண்டிருந்தால், அது ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற நெஞ்சோடேயே ஆத்தா படியில் போய் நின்று கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான்.