பின் இருக்கைத் தோல்

1991 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் மழை விடவில்லை. காலையில் பால் வாங்கி வந்தேன். அப்பாவின் சட்டைகளை மடித்து அடுக்கினேன். அம்மா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்த வேலை எட்டு வயதான என்னிடம் வந்திருந்தது.

மறுநாள் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியோடு முதல் நாளே மாமா பஸ் ஏறி வந்திருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அப்பா காரின் பின் இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுடையது எஸ்டேட்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய கார். தோல் இருக்கைகள். மழைக்காலம் வந்தால் வெள்ளையாகப் பூஞ்சை படியும்; தோல் விறைத்து, வெடிப்புகளின் ஓரம் நகம்போலக் கீறும். அப்பா பின் இருக்கையைக் கழற்றி வராந்தாவில் வைத்து, சோப்பு நீரால் கழுவி, யூகலிப்டஸ் தைலம் தொட்டுப் பூஞ்சையைத் துடைத்தார். காய்ந்ததும் விளக்கெண்ணெய் தேய்க்க வேண்டும். செருப்புக்குப் போடுகிற எண்ணெயைக் காருக்குப் போடுகிற ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளைதான் என்று மாமா கேலி செய்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்சியே வெச்சுக்கலாமுங்க மாப்ள. இதோட எதுக்குங்க மல்லுக்கட்டறீங்க?”

“டாக்சிக்காரன் ஒவ்வொரு வளைவுலயும் பிரேக் அடிப்பானுங்க மச்சான். அவளுக்குத் தாங்காது.”

தோல் காயவில்லை. மழை நாளில் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் துணி உலர்த்துவார்கள். அப்பாவும் யோசிக்காமல் அப்படியே செய்தார். கூடையின் மேல் இருக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்க உள்ளே வந்தார். திரும்பிப் போனபோது நடுப்பகுதி சுருங்கி, அப்பளம்போல் விறைத்து, குறுக்கே பிளந்திருந்தது.

அப்பா அதன் முன் குந்தி உட்கார்ந்தார். பிளவின் இரண்டு ஓரங்களையும் விரல்களால் சேர்த்துப் பிடித்தபடியே இருந்தார். ஒரு இருக்கைக்காகப் பெரியவர் ஒருவர் அழுவார் என்று எனக்குத் தெரியாது. தேற்ற நினைத்தேன்.

“அம்மாவுக்குத்தான் நல்லாயிருச்சுல்லப்பா. எப்பவும்போல முன்னாடியே உக்காந்துக்குவாங்க.”

மாமா எழுந்து போய் மழையைப் பார்த்து நின்றார். அப்பா மட்டும் நான் சொன்னதிலிருந்து ஏதோ எடுத்துக்கொண்டவர்போல எழுந்தார். பிளேடால் முன் இருக்கையின் தையலைப் பிரித்தார். அது அம்மா உட்காரும் இடம். வெடிப்பில்லாத தோல் அதில்தான் இருந்தது. “அது அம்மா சீட்டுப்பா” என்றேன். “ஆமாஞ்சாமி” என்றார். கையை நிறுத்தவில்லை. கோணி ஊசியால் அந்தத் தோலைப் பின் இருக்கையில் வைத்துத் தைத்தார். முடிச்சுகளெல்லாம் அடிப்பக்கம் போகும்படி பார்த்துக்கொண்டார். பிறகு எண்ணெய் தேய்த்து, இருக்கையைக் காரில் பொருத்தினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதான் பொருள் என நினைத்திருந்தேன். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாலும் அனுப்புவார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் அப்பா முதலில் செய்தது இதுதான்: பின் இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்து, கண்களை மூடிக்கொண்டு, மலையிறக்கத்தில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பும்படி மாமாவை ஓட்டச் சொன்னார். அப்பாவுக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை என்று நான் வாசலில் நின்று சிரித்தேன்.